பிள்ளைகளோடு ஸ்காட்லாந்தின் காடு, மலை, ஏரி: வார இறுதிப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நாங்கள் கிளாஸ்கோவுக்கு வடக்கே வசிக்கிறோம். எங்கள் மகள் இந்த ஊரின் மழையிலும் சேற்றிலும் வளர்ந்தவள். எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் எல்லாமே பொருந்தாது. உங்கள் பிள்ளையை அறிந்தவர் நீங்கள்தான்.

முதலில் எங்கே போகலாம்? ஸ்கை தீவா, லாக் நெஸ்ஸா?

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கிளாஸ்கோவிலிருந்து ஸ்கை தீவுக்குப் போய்ச் சேரவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாள் விடுமுறையில் பாதியைப் பிள்ளை கார் இருக்கையில் கழிக்கும். இறங்கியதும் கூட்டம், படம் எடுக்க வரிசை, உடனே திரும்பும் அவசரம். ஆறு வயதுப் பிள்ளையின் மனதில் அதில் எதுவும் நிற்காது.

வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஓர் ஏரியையோ காட்டையோ தேர்ந்தெடுங்கள். ஒருமுறை போனதோடு விடாமல், வசந்தத்தில், கோடையில், இலையுதிர் காலத்தில், குளிரில் என்று அதே இடத்துக்கு மறுபடி மறுபடி போங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். இரண்டாம் தடவை போகும்போது பிள்ளை உங்களுக்கு முன்னால் ஓடும். மூன்றாம் தடவை, "அங்கே விழுந்து கிடந்த மரத்தைக் காணோமே" என்று அதுவே கேட்கும். அப்படிக் கேட்கிற பிள்ளை அந்த இடத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது என்று பொருள். ஸ்கை தீவு அங்கேயேதான் இருக்கும். கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஒதுக்கி நிதானமாகப் போகலாம்.

எல்லா இடத்திலும் வேலி போட்டிருக்கிறார்கள். யாருடைய நிலம் என்று தெரியாமல் உள்ளே போகலாமா?

பெரும்பாலும் போகலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தார்ச்சாலை ஓரத்திலேயே நின்று திரும்பிவிடும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலமும் உள்நாட்டு நீர்நிலைகளும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் அவற்றில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், துடுப்புப் படகு விடலாம், குளிக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறது. பகல், இரவு என்ற வேறுபாடு இல்லை, கட்டணமும் இல்லை. இங்கிலாந்தில் இந்த உரிமை குறிப்பிட்ட சில நிலங்களுக்கும் பாதைகளுக்கும் மட்டும்தான். ஸ்காட்லாந்தில் அது ஏறத்தாழ நாடு முழுவதற்கும் உண்டு. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை விளக்கும் விதித்தொகுப்பு 2005-இல் நடைமுறைக்கு வந்தது.

விலக்குகளும் உண்டு. வீடுகளும் அவற்றை ஒட்டிய தோட்டங்களும், பள்ளி வளாகங்கள், பயிர் நிற்கும் வயல்கள் ஆகியவற்றில் நுழையக் கூடாது. வயலாக இருந்தால் விதைக்காமல் விட்ட வரப்போரமாகப் போகலாம். மோட்டார் வண்டிகளுக்கு இந்த உரிமை கிடையாது. வேலிக்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள்: மூடியிருந்தால் கடந்ததும் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். கதவை மூடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், அந்தப் பதவியை யாருக்கும் விட்டுத்தராது.

எத்தனை கிலோமீட்டர் நடக்க வைக்கலாம்?

ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போதும். எட்டு வயதில் ஏழெட்டு வரை போகலாம். ஆனால் தூரத்தைவிட நேரத்தைக் கணக்கிடுவதே சரி. பெரியவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பாதைக்குப் பிள்ளையோடு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் ஓர் ஓடை வந்தால் அரை மணி நேரம் அங்கேயே போகும், போகட்டும். 'வாக்ஹைலண்ட்ஸ்' என்ற இணையதளத்தில் ஒவ்வொரு பாதைக்கும் நீளம், ஏற்றம் ஆகியவற்றோடு சேறு எவ்வளவு இருக்கும் என்பதற்கும் ஓர் அளவு கொடுத்திருப்பார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சேற்று அளவைத்தான்.

தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால் லாக் கேட்ரின் ஏரிக்கரைச் சாலை நல்ல தேர்வு. பொதுப் போக்குவரத்து இல்லாத தார்ச்சாலை அது. கிளாஸ்கோவுக்கு 1859-இலிருந்து குடிநீர் கொடுத்துவருவது இந்த ஏரிதான். வீட்டுக் குழாயைத் திறந்து "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டிப்போனால் அந்தப் பயணத்துக்கே தனிச் சுவை வந்துவிடும்.

எங்கள் மகனுக்கு நடக்கவே பிடிப்பதில்லை. என்ன செய்வது?

"நடக்கப் போகிறோம்" என்று சொல்லாதீர்கள். போய்ச் சேர ஒரு காரணம் கொடுங்கள்: ஒரு படகு, ஒரு கோட்டை, ஒரு குழி, ஒரு பறவை. கதை இருக்கும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

மென்டீத் ஏரியின் நடுவில் இஞ்ச்மஹோம் என்ற சின்னத் தீவு இருக்கிறது. அதில் ஒரு பழைய மடத்தின் இடிபாடு. 1547-இல் பின்கி போரில் ஆங்கிலேயப் படையிடம் ஸ்காட்லாந்து தோற்றபோது, நான்கு வயதுக் குழந்தையாக இருந்த மேரி அரசியைச் சில வாரங்கள் இங்கேதான் ஒளித்துவைத்தார்கள். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை சின்னப் படகில் கூட்டிப்போவார்கள். "உன் தங்கச்சி வயசுதான் அந்த ராணிக்கு" என்று சொன்னால், எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பாள் என்று பிள்ளைகள் தேட ஆரம்பிப்பார்கள். தீவை நடந்து சுற்ற அரை மணி நேரம்கூட ஆகாது.

ஃபால்கர்க்கில் 2002-இல் திறந்த சுழலும் படகுத் தூக்கி இருக்கிறது. முன்பு 11 மதகுகளைக் கடந்து இறங்க வேண்டியிருந்த படகுகளை அரைச் சுற்றில் 24 மீட்டர் ஏற்றி இறக்குகிறது. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அங்கிருந்து காட்டுவழியே கொஞ்சம் நடந்து ரஃப் காசில் வரை போங்கள். கி.பி. 142 வாக்கில் ரோமானியர்கள் புல்கரணைகளை அடுக்கி எழுப்பத் தொடங்கிய அன்டோனைன் சுவரின் கோட்டைகளில் ஒன்று அங்கே இருந்தது. எதிரி கால் வைத்தால் விழுவதற்காக வரிசை வரிசையாக வெட்டிய குழிகள் இன்றும் புல் மூடித் தெரிகின்றன. அடியில் கூர்மையான முளைகளை நட்டு, மேலே இலைதழை போட்டு மறைத்திருப்பார்கள் என்று சொல்லிப் பாருங்கள். நடக்கப் பிடிக்காத பிள்ளையும் ஒவ்வொரு குழியையும் எட்டிப் பார்க்கும்.

நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இயற்கை மேல் ஆர்வம் வராது என்று சிலர் கைவிட்டுப் பேசுகிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்காகப் பாடுபட்ட ஜான் மியூர் 1838-இல் பிறந்தது எடின்பரோவுக்குக் கிழக்கே டன்பார் ஊரின் கடைத்தெருவில். சின்ன வயதில் அவரைக் கைபிடித்து வயல்வெளிக்குக் கூட்டிப்போனவர் அவருடைய தாய்வழித் தாத்தா. அந்த நடைகள் அவருக்கு முதுமையிலும் நினைவில் இருந்தன. கூட்டிப்போக ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஏப்ரலில் ஆட்டுக்குட்டிகள். அதே மாதம் ஆஸ்ப்ரே என்ற மீன்பிடிக் கழுகு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்து கூடு கட்டும். பிரிட்டனில் இந்த இனம் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, 1954-இல் லாக் கார்ட்டன் பக்கம் ஒரு ஜோடி மறுபடி கூடு கட்டியதிலிருந்து மெல்லப் பெருகியது. டன்கெல்டு ஊருக்குப் பக்கத்தில் லாக் ஆஃப் தி லோஸ் ஏரிக்கரையில் மறைவிடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து தொலைநோக்கியில் கூட்டைப் பார்க்கலாம்.

மே மாதம் நீலமணிப் பூக்கள். லாக் லோமண்டில் பால்மஹா கரையிலிருந்து படகேறி இஞ்ச்கைலாக் தீவில் இறங்கினால், ஓக் மரங்களுக்கு அடியில் தரை முழுக்க நீலமாகக் கிடக்கும். ஏறத்தாழ அதே சமயம் முதல் ஜூலை வரை பஃபின் பறவைகள். ஃபைஃப் கடற்கரையில் ஆன்ஸ்ட்ரதர் துறைமுகத்திலிருந்து மே தீவுக்குப் படகு போகிறது. வண்ண அலகில் மணல்மீன்களைக் கவ்விக்கொண்டு காலடியிலேயே தரையிறங்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அவை கடலுக்குப் போய்விடும். ஆகஸ்டில் போய் ஏமாந்து திரும்பியவர்கள் உண்டு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவுகளில் பிளேபெர்ரி பழுக்கும். வீட்டுக்கு வேண்டிய அளவு பறித்துத் தின்ன யாரும் தடை சொல்வதில்லை. நாக்கு ஊதாவாகிவிடும். ஆகஸ்டில் ஹெதர் பூத்து மலையே நிறம் மாறும். செப்டம்பரில் சாலையோர முட்புதர்களில் கருப்பு பிராம்பிள் பழம்.

அக்டோபர்தான் என் கணக்கில் உச்சம். அந்த மாதப் பள்ளி விடுமுறையே, பிள்ளைகள் உருளைக்கிழங்கு அறுவடைக்கு உதவப் போன காலத்தின் மிச்சம். டிரைமன் அருகே கார்ட்னஸ் என்னும் இடத்தில் எண்ட்ரிக் ஆறு சின்னப் பாறைப் படிகளில் விழுகிறது. மழை பெய்து ஆறு நிறைந்த மறுநாள் போனால், கடலிலிருந்து திரும்பி வந்த சால்மன் மீன்கள் அந்த வீழ்ச்சியைத் தாண்டத் துள்ளுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். துள்ளும், விழும், மறுபடி துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் பிள்ளைகள் கத்துவார்கள். அதே பருவத்தில் கின்ராஸ் பக்கத்து லாக் லெவன் ஏரிக்கு ஐஸ்லாந்திலிருந்து இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். பொழுது சாயும் நேரத்தில் வானம் முழுக்க அவற்றின் சத்தம்தான்.

குளிர்காலத்தில் ஏவிமோர் பக்கம் கலைமான் மந்தை. சுவீடனைச் சேர்ந்த, சாமி என்னும் வட ஐரோப்பியப் பழங்குடியினரான மிக்கேல் உட்சி 1952-இல் கொண்டுவந்த மந்தையின் வழிவந்தவை. பராமரிப்பவர்களோடு மலையேறிப் போய் அருகிலிருந்து பார்க்கலாம். அதற்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுகிறதே, போக முடியுமா?

முடியும், நேரத்தைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டும். டிசம்பர் கடைசியில் கிளாஸ்கோவில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்குக் கார் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஜூனில் இதற்கு நேர்மாறு: இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இரவு உணவை முடித்துவிட்டுக்கூட ஓர் ஏரிக்கரைக்குப் போய்வரலாம். உறைந்த ஏரியின் மேல் பிள்ளையைக் கால் வைக்க விடவே விடாதீர்கள், எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் சரி.

என்ன உடை?

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். கம்பளி அல்லது விளையாட்டுத் துணியில் உள்சட்டை, அதன் மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் தண்ணீர் புகாத கோட்டும் கால்சட்டையும். சின்னப் பிள்ளைகளுக்கு முழு உடம்பையும் மூடும் மழை உடுப்பு ஒன்று வாங்கிக்கொடுத்தால் சேற்றில் உட்கார்ந்தாலும் கவலையில்லை. வெல்லிங்டன் பூட்ஸுக்குள் போட இரண்டு ஜோடிக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். கையுறையும் தொப்பியும் ஜூலையிலும் பையில் இருக்கட்டும். 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1 டிகிரி வரை குளிர் கூடும், காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இவை எல்லாமே பழைய பொருள் விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் கிடைக்கும். ஆறு மாதத்தில் சின்னதாகிவிடும் உடுப்புக்குப் புது விலை கொடுக்க வேண்டியதில்லை.

மழை வரும் என்கிறார்கள். கிளம்பலாமா, நிறுத்திவிடலாமா?

மழைக்காக நிறுத்த ஆரம்பித்தால் வருடத்தில் பாதி நாள் வீட்டில்தான். ஒரு வழி இருக்கிறது. இந்த நாட்டின் மேற்குப் பக்கம் அட்லாண்டிக் மேகங்களை முதலில் வாங்குகிறது. மேற்கு மலைகளில் சில இடங்களில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்; கிழக்குக் கரையின் சில பகுதிகளில் 700-க்கும் குறைவு. லாக் லோமண்டில் கொட்டுகிற நாளில் நார்த் பெரிக்கில் வெயில் அடிப்பதுண்டு. வெள்ளி இரவு வானிலை பார்த்துவிட்டுத் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பலத்த காற்று, இடி, வெள்ள எச்சரிக்கை இருந்தால் மட்டும் வீட்டில் இருங்கள். வெறும் மழை அருவிகளுக்கு நல்லது. டன்கெல்டு பக்கம் ஹெர்மிடேஜ் காட்டில் பிரான் ஆறு பாறை இடுக்கில் விழும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. மழை நாளில் அங்கே நின்றால் அருவியின் சத்தத்தில் பேசுவதே கேட்காது.

மிட்ஜ் பூச்சி அவ்வளவு மோசமா?

மேற்கு மலைப்பகுதியில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, காற்றில்லாத ஈரமான காலையிலும் மாலையிலும் மோசம்தான். கொசுவைவிட மிகச் சின்னது, கூட்டமாக மொய்க்கும். நோய் எதுவும் பரப்பாது. ஆனால் பிள்ளை அழ ஆரம்பித்தால் அன்றைய பயணம் முடிந்தது. லேசான காற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது என்பதால் சாப்பிட உட்காரும்போது திறந்த மேட்டையோ ஏரிமுனையையோ பாருங்கள், மரத்தடி வேண்டாம். தலைக்கு மாட்டும் வலை சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும். 'ஸ்மிட்ஜ்' என்ற பூச்சு இங்கே எல்லோர் பையிலும் இருக்கும். கிழக்குக் கடற்கரையில் தொல்லை மிகக் குறைவு.

உண்ணிக் கடிக்குப் பயப்பட வேண்டுமா?

மிட்ஜைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும். உயர்ந்த புல்லிலும் பிராக்கன் பெரணியிலும் காத்திருந்து காலில் ஏறும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிக்க வைக்கும்போதே முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடியோரம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியாலோ உண்ணி எடுக்கும் கொக்கியாலோ தோலுக்கு மிக அருகில் பிடித்து மெதுவாக எடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்புக் காட்டுவது எல்லாம் கூடாது. சீக்கிரம் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்பு குறைவு. அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணமாகும்.

கார் இல்லை. என்ன வழி?

ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் 2022 ஜனவரி 31 முதல் பேருந்து இலவசம், நீண்டதூரப் பேருந்துகள் உட்பட. ஐந்து வயது முதல் இதற்கான அட்டை வேண்டும். இணையத்திலோ பள்ளி வழியாகவோ உள்ளூர் மன்றத்திலோ விண்ணப்பிக்கலாம். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் பிள்ளைக்கும் டிக்கெட் எடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. லாக் லோமண்ட் கரைக்கு பாலாக், கடற்கரைக்கு நார்த் பெரிக், மலைக்குப் பிட்லாக்ரி என்று நிலையத்திலிருந்து இறங்கி நடந்தே போகக்கூடிய இடங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பேருந்துகள் அரிது, கடைசி வண்டி எப்போது என்று முதலில் பாருங்கள்.

ஒற்றைத்தடச் சாலையில் ஓட்டுவது எப்படி?

எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே சாலையிலேயே நின்று எதிர்வண்டியை அதற்குள் விடுங்கள். பின்னால் வேகமாக வருபவருக்கும் வழி விடுங்கள், அவர் வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரராக இருக்கும். அந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகவே கூடாது. பிள்ளைக்கு 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை அதற்குரிய இருக்கை கட்டாயம்.

சாப்பாடு?

வாய் அகன்ற உணவு ஃபிளாஸ்க்கில் சூடான பருப்பு சாதம், வேறொரு ஃபிளாஸ்க்கில் ரசம். குளிரில் நின்று ரசம் குடித்த பிள்ளை இன்னும் ஒரு மைல் நடக்கும். ஆறினாலும் ருசிக்கும் புளியோதரையும் நன்றாக எடுபடும். கிராமத்துச் சிற்றுண்டிக் கடைகளில் பருப்பு சூப் எப்போதும் இருக்கும். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், பன்றி எலும்புச் சாறில் செய்யும் வழக்கம் இங்கே உண்டு. வாழைப்பழத் தோல் உட்பட எல்லாக் குப்பையையும் வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

நடுவழியில் பிள்ளைக்குக் கழிப்பறை வேண்டுமென்றால்?

சிறுநீர் என்றால் ஓடை, ஏரியிலிருந்து 30 மீட்டராவது தள்ளி. மலம் என்றால் சின்ன மண்வெட்டியால் குழி தோண்டிப் புதையுங்கள். ஈரத்தாளைப் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள், மண்ணில் அது மட்காது.

மாடுகள் நிற்கும் வெளியைக் கடக்கலாமா?

நீள முடியும் பெரிய கொம்பும் உள்ள ஹைலண்ட் மாடு பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். எந்த மாடாக இருந்தாலும் கன்றோடு நின்றால் தூரமாகச் சுற்றிப் போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். தொட்டுப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். ஆட்டுக்குட்டி தனியாகக் கத்திக்கொண்டிருந்தால் தூக்கக் கூடாது, தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

ஏரியில் குளிக்க விடலாமா?

கரையோரம், முழங்கால் அளவு, நீங்கள் கையெட்டும் தூரத்தில். அதற்கு மேல் வேண்டாம். வெயில் நாளிலும் இந்த ஏரிகள் மிகக் குளிர்ந்திருக்கும். திடீரென்று மூழ்கினால் குளிர் அதிர்ச்சியில் மூச்சுத் திணறும், நீச்சல் தெரிந்தவருக்கும் இது நடக்கும். லாக் லோமண்டில் சில இடங்களில் கரையை விட்டு ஓரிரு அடி போனதும் தரை சட்டென்று ஆழத்தில் இறங்கிவிடும். வெயில் கொளுத்திய வார இறுதிகளில் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு இரவு கூடாரம் போட்டுத் தங்க ஆசை.

முதல் தடவை கழிப்பறை வசதியுள்ள முகாமில் தங்குங்கள். சட்டப்படி திறந்த வெளியில் எங்கும் தங்கலாம், சின்னக் குழுவாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேற்படாமல். ஆனால் லாக் லோமண்ட், டிராசக்ஸ் தேசியப் பூங்காவின் நெரிசலான ஏரிக்கரைகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை முன்அனுமதி வாங்க வேண்டும். காட்டுக்குள்ளும் கரிச்சதுப்பு நிலத்திலும் தீ மூட்டாதீர்கள். அந்த மண்ணே எரியக்கூடியது, அணைந்ததாகத் தெரிந்தாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும்.

எப்போது பெரிய மலை ஏறலாம்?

3,000 அடிக்கு மேற்பட்ட 282 சிகரங்களை இங்கே மன்ரோ என்பார்கள். 1891-இல் ஹியூ மன்ரோ முதல் பட்டியலை வெளியிட்டார். அவற்றை ஏறி முடிப்பது பெரியவர்களின் வேட்கை, பிள்ளைக்கு எண்ணிக்கையில் அக்கறை இல்லை. 187 மீட்டர் உயர நார்த் பெரிக் லாவில் தொடங்குங்கள். உச்சியில் நின்றால் கடலில் பாஸ் பாறை வெள்ளையாகத் தெரியும். அது கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமும். அடுத்து பால்மஹாவில் 361 மீட்டர் கானிக் ஹில். மேட்டுநிலத்தையும் தாழ்நிலத்தையும் பிரிக்கும் பெரும் நிலப்பிளவு அதன் வழியே போகிறது. மேலிருந்து பார்த்தால் ஏரித் தீவுகள் அந்தப் பிளவின் மேல் ஒரே கோட்டில் கோத்த மணிகளாகக் கிடக்கும். இவற்றைச் சிரித்துக்கொண்டே ஏறி இறங்கும் பிள்ளைக்குப் பத்து வயதுவாக்கில், நல்ல கோடை நாளில், 974 மீட்டர் பென் லோமண்டை யோசிக்கலாம்.

பயணத்தைப் பற்றிப் பிள்ளையை எழுதச் சொல்லலாமா?

சொல்லலாம், கட்டுரையாக வேண்டாம். ஒரு சின்னக் குறிப்பேட்டில் தேதி, இடம், வானிலை, பார்த்த ஒன்று, ஒரு படம். தமிழிலா ஆங்கிலத்திலா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும், எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். இரவில் காரில் தூங்கிவிடும், எனவே அங்கேயே உட்கார்ந்து எழுதுவது நல்லது. ஒரே இடத்துக்குத் திரும்பப் போகும்போது பழைய பக்கத்தைப் புரட்டிப் படிக்கச் சொல்லுங்கள். "அப்போ இங்கே தவளை முட்டை இருந்துச்சு" என்று எங்கள் மகள் படித்துக்காட்டி, அந்தக் குட்டையைத் தேடிப் போனாள். அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் நாங்கள் அதைக் கடந்து போயிருப்போம்.

வழி தவறினாலோ அடிபட்டாலோ?

999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலைமீட்புக் குழு என்று கேளுங்கள். கடற்கரையானால் கடலோரக் காவல்படை. மீட்புக் குழுவினர் தொண்டர்கள், கட்டணம் வாங்குவதில்லை. மலைப்பகுதியில் பேச அலைவரிசை கிடைக்காமல் குறுஞ்செய்தி மட்டும் போகலாம். அதற்கு உங்கள் எண்ணை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்: ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லை 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் வழிமுறையைப் பின்பற்றுங்கள். பிள்ளையின் கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். தொலைந்துவிட்டதாகத் தோன்றினால் நடக்காமல், நின்ற இடத்திலேயே நின்று ஊதப் பழக்குங்கள்.

இந்தச் சனிக்கிழமையே கிளம்ப ஓர் இடம் சொல்லுங்கள்.

கிளாஸ்கோவில் இருப்பவர்களுக்கு மக்டாக் பூங்கா. குயின் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறி, பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் சரியாக உச்சரிக்க முடியாத மில்கையில் இறங்குங்கள். 154 கிலோமீட்டர் போகும் மேற்கு ஹைலண்ட் நெடும்பாதை அந்த ஊரில்தான் தொடங்குகிறது. முதுகுச்சுமையோடு கிளம்புகிறவர்களோடு சேர்ந்து நீங்களும் தொடங்கலாம். ஓடையோரமாகவும் பழைய ஓக் காட்டுக்குள்ளும் நடந்து, பாதையை விட்டுப் பிரிந்தால் மக்டாக் கோட்டையின் இடிந்த கோபுரமும் ஒரு சின்ன ஏரியும் வரும். கோட்டை மான்ட்ரோஸின் கிரகாம் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. பூங்கா அலுவலகத்தின் அருகே விளையாட்டுத் திடலும் கழிப்பறையும் சூடான சூப்பும் உண்டு. திரும்பும் வழியும் சேர்த்துச் சின்னப் பிள்ளைக்கு நீளம் அதிகம் என்று தோன்றினால் காட்டின் நடுவிலேயே திரும்பிவிடுங்கள், கோட்டை அடுத்த தடவைக்கு இருக்கட்டும். வெல்லிங்டன் பூட்ஸ் போட்டுவிடுங்கள், அல்லாண்டர் ஓடைக்கரையில் எந்த மாதமும் சேறு இருக்கும்.